பெரட்டும் பழைய மணியும்

அந்த மனுசனை எனக்குப் பிடிக்காது. இத்தனை வருசம் கழித்தும் பிடிக்கவில்லை. வயசானால் எல்லாம் ஆறிப்போகும் என்கிறார்கள். எனக்கு ஆறவில்லை, ஆற வேண்டும் என்று நான் எந்தச் சாமிக்கும் நேர்ந்துகொள்ளவும் இல்லை.

எண்பதுகளின் நடுவில், ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில், ரப்பர் கையுறை செய்யும் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை கிடைத்தது. முதலாளி சீனர், எல்லாருக்கும் அவர் தவுக்கே. அந்த வருசம்தான் யூனிக்ஸ் மெஷின் ஒன்றை வாங்கியிருந்தார். அலமாரி உயரத்துக்கு ஒரு பெட்டி, அதிலிருந்து வயர் இழுத்து ஆபீசில் திரையும் கீபோர்டுமாக ஆளுக்கொரு டெர்மினல். சம்பளம், சரக்கு, லாரியில் ஏற்றும் சரக்குக்கான பத்திரம் எல்லாம் அதற்குள்தான். அதைக் கட்டி மேய்ப்பது என் வேலை. அந்த மெஷினில் ‘ரூட்’ என்று ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரில் உள்ளே போனவர் எதை வேண்டுமானாலும் திறக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம். யாரும் ஏன் என்று கேட்க முடியாது. ரூட்டின் பாஸ்வேர்ட் என்னிடம் மட்டும் இருந்தது. மேனேஜருக்கு அதுதான் பொறுக்கவில்லை.

அவர் கணக்குப் பகுதியின் மேனேஜர். யாழ்ப்பாணத்து வம்சம், ஈப்போவிலேயே பிறந்தவர். அவருடைய அப்பா கோலா கங்சார் பக்கத்துத் தோட்டங்களில் பெரிய கிராணியாக, அதாவது தோட்ட ஆபீசின் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர். அதை அவர் வாரம் ஒரு தடவையாவது சொல்லாமல் விடமாட்டார். என் அம்மாவும் அப்பாவும் அதே பக்கத்தில் ரப்பர்ப் பால்மரம் சீவியவர்கள். அதை நான் ஆபீசில் யாரிடமும் சொன்னதில்லை. என் பேச்சே அவருக்குச் சொல்லிவிட்டது. யாழ்ப்பாணத்துக்காரர்கள் எல்லாரும் இவரைப் போல இல்லை. கணக்கென்றால் பயப்படாத பிள்ளையாக என்னை ஆக்கிய வாத்தியாரும் யாழ்ப்பாணத்துக்காரர்தான். ஆனால் இவர் என்னை ‘நீர்’ என்று கூப்பிடும் தோரணையே வேறு. அவர்கள் வீட்டில் அது மரியாதைச் சொல்லாம். எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் யாரும் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஒவ்வொரு தடவையும் தலையில் ஒரு வாளி தண்ணீரைக் கொட்டினது போலத்தான் எனக்கு இருக்கும்.

கணக்குப் பகுதியில் டைப் அடித்த அக்கா பாரிட் புந்தார்க்காரர். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். பொய் சொல்லமாட்டார், எதையும் மறைத்து வைக்கவும் தெரியாது. அவர்தான் ஒரு நாள் என்னிடம் வந்து சொன்னார்.

“நீ இல்லாதப்ப ஒன்னைய என்னான்னு கூப்பிடுறாரு தெரியுமா? தோட்டம். காலையில வந்தவொடனே, ‘தோட்டம் வந்திட்டுதோ’ன்னு கேக்கிறாரு லா.”

“கேக்கட்டும்க்கா. கிராணிக்கு வேற என்னா தெரியும்?” என்றேன்.

அன்றிலிருந்து எங்கள் இரண்டு பேருக்குள் அவர் பெயர் கிராணி.

என் வேலையில் எனக்கு இருந்த ஒரே கவலை, மெஷினுக்குள் யாராவது புகுந்து எதையாவது மாற்றிவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான். இப்போது அதற்கென்றே புரோகிராம்களை நீளமான பெயர் வைத்து விற்கிறார்கள். அன்றைக்கு எங்களிடம் ஒன்றும் இல்லை. யூனிக்ஸில் ஒரு சின்னக் கட்டளை உண்டு. ஒரு ஃபைலைக் கொடுத்தால் அதில் உள்ளதையெல்லாம் கூட்டி ஓர் எண்ணைச் சொல்லும். உள்ளே ஓர் எழுத்து மாறியிருந்தாலும் எண் வேறாகிவிடும். முக்கியமான ஃபைல்களுக்கெல்லாம் அந்த எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு, தினமும் காலையில் திரும்பக் கூட்டி ஒப்பிட்டுப் பார்க்க ஒரு புரோகிராம் எழுதினேன். அதற்குப் ‘பெரட்டு’ என்று பெயர் வைத்தேன்.

தோட்டத்தில் பிறக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பெரட்டு என்பது விடியும் முன்னே தோட்ட ஆபீசுக்கு எதிரில் வேலையாட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவது. ஆட்களை மேய்க்கும் மண்டோர் பேரைக் கூப்பிடுவார். கிராணி செக்ரோல் என்கிற பதிவேட்டில் பேர் போடுவார். எழுபதுகளில், நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஒரு நாள் என் அம்மா பெரட்டில் நின்று, கூப்பிட்டதற்குப் பதிலும் சொல்லி, வெயில் ஏறும்வரை மரம் சீவிவிட்டு வந்தார். ஆனால் அன்றைக்கு அம்மா வேலைக்கே வரவில்லை என்று எங்கள் தோட்டத்துக் கிராணி போட்டுவிட்டார். பால் நிறுக்கும் தராசில் கை வைக்காதீர்கள் என்று முதல் நாள் அம்மா அவரிடம் சொல்லியிருந்தார், அவ்வளவுதான். கூட நின்ற அத்தனை பேரும் தொரையிடம் போய்ச் சாட்சி சொன்னார்கள். செக்ரோலில் பேர் இல்லை, ஆகவே ஆள் வரவில்லை என்று தொரை சொல்லிவிட்டார். அம்மா அழவில்லை. நான்தான் அழுதேன், ஆத்திரத்தில்.

அதனால்தான் என் பெரட்டின் எண்களை நான் மெஷினுக்குள் வைக்கவில்லை. உள்ளே புகுந்தவன் ஃபைலையும் மாற்றிவிட்டு எண்ணையும் திருத்தி எழுதிவிட்டால் பெரட்டு எடுத்து என்ன பிரயோசனம்? எண்களை ஒரு ஃபிளாப்பியில் போட்டு என் கைப்பையிலேயே வைத்திருந்தேன். தினமும் எல்லாருக்கும் முன்னால் ஆபீசுக்கு வந்து, ஏழரைக்கு ஃபிளாப்பியைச் செருகிப் பெரட்டு எடுப்பேன். எல்லாம் சரியாக இருந்தால் பிரிண்டரில் தேதி, மணியோடு ‘எல்லாரும் ஆஜர்’ என்று ஆங்கில எழுத்தில் ஒரு வரி வரும். தாளைக் கிழித்துச் சுவரில் இருந்த ஆணியில் குத்திவிட்டு, கேன்டீனுக்குத் தே குடிக்கப் போவேன்.

மேனேஜருக்கும் எனக்கும் வெளிப்படையாக முட்டிக்கொண்டது அந்தப் பெரட்டினால்தான். ஒரு சனிக்கிழமை நான் இல்லாத நேரத்தில், மெஷினை விற்ற கம்பெனியின் என்ஜினியரை அவர் வரவழைத்திருக்கிறார். மெஷினை நிறுத்தி, பாஸ்வேர்ட் இல்லாமல் உள்ளே போகும் வழி அந்த ஆட்களுக்குத் தெரியும். திங்கட்கிழமை பெரட்டில் இரண்டு ஃபைல் மாட்டியது. நான் நேராகத் தவுக்கேயிடம் போனேன். தவுக்கே எல்லார் முன்னாலும் மேனேஜரைக் கூப்பிட்டுக் கேட்டார். மேனேஜர் நேரே என் மேசைக்கு வந்து நின்றார்.

“என்னை வேவு பார்க்கிறதுதான் உமக்கு வேலையோ?”

“ஒங்கள இல்ல சார். மெஷின.”

“மெஷினும் என்ர பொறுப்புத்தான்.”

“அப்ப என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு ஆளக் கூட்டிட்டு வந்திருக்கலாம்.”

அந்த என்ஜினியர் அன்றைக்குச் செய்த வேலைகளில் ஒன்றை மேனேஜரே ஆபீஸ் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டார். அவருடைய டெர்மினலில் மட்டும் இனிமேல் பழைய மணி ஓடும். எண்பதுகளின் தொடக்கத்தில் அரசாங்கம் நாட்டின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தது. அதற்குப் பிறகு கொஞ்ச காலம், ‘பழைய மணியா, புது மணியா’ என்று கேட்காமல் எங்கள் ஆட்களில் யாரும் ராகு காலம் பார்த்ததில்லை. காலண்டர் ஒன்று சொல்லும், கோயில் ஐயர் ஒன்று சொல்லுவார். போகப்போக எல்லாரும் புது மணிக்குப் பழகிவிட்டார்கள். மேனேஜர் மட்டும் பழகவில்லை.

“அரசாங்கத்தைக் கேட்டோ சூரியன் உதிக்கிறது?” என்பார்.

ராகு காலத்தில் ஒரு கையெழுத்துக்கூடப் போடமாட்டார். அதையும் பழைய மணிக்குத்தான் பார்ப்பார். யூனிக்ஸில் ஆளுக்கொரு மணி வைப்பது லேசான காரியம். ஒவ்வொருவரும் உள்ளே வரும்போது மெஷின் அவருக்கென்று இருக்கும் ஒரு ஃபைலைப் படிக்கும். கிரீன்விச்சிலிருந்து எத்தனை மணி நேரம் தள்ளி இருக்கிறோம் என்று அதில் ஒரு வரி வரும். எங்கள் எல்லாருக்கும் அது எட்டு. அவருக்கு மட்டும் ஏழரை.

“சனி தேடி வந்து பிடிக்கும்னு சொல்வாங்க. இவரு ஆள் வெச்சு ஏழரைய வரவழைச்சிருக்காரு,” என்று டைப் அடிக்கும் அக்கா சொன்னபோது நான் தே புரையேறும்வரை சிரித்தேன்.

பெரட்டு ஓடும்போது டிஸ்க் முனகிக்கொண்டே இருக்கும். சில நாள் முடிய நேரமாகிவிடும். எட்டு மணிக்கு முன்னாலேயே வந்து உட்காரும் மேனேஜருக்கு அவருடைய ரிப்போர்ட் மெதுவாக வரும்.

“உம்முடைய பெரட்டு என்ர வேலையை மறிக்குது. நிப்பாட்டும்.”

“தவுக்கே சொல்லட்டும் சார், நிப்பாட்டிடுறேன்.”

“ஆபீசுக்குள்ள தோட்டம் நடத்துறீரோ?”

மறுநாள் காலையிலும் பெரட்டு எடுத்தேன்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு திங்கட்கிழமை. வழக்கம்போல ஏழரைக்குப் பெரட்டு எடுத்தேன், எல்லாரும் ஆஜர் என்று வந்தது, தாளை ஆணியில் குத்திவிட்டுக் கேன்டீனுக்குப் போனேன். எட்டு மணிக்குத் திரும்பி வந்தால் சரக்கு ஏற்றும் பக்கத்தில் ஒரே கூச்சல். லாரிக்குப் பத்திரம் எடுக்கும் புரோகிராமைக் காணோம். அதன் பெயர் மலாயில் ‘பெங்ஹந்தாரான்’, சரக்கு அனுப்புவது என்று பொருள். என் பெரட்டையும் காணோம். துறைமுகத்துக்குப் போக வேண்டிய லாரிகள் கேட்டிலிருந்து ரோடு வரைக்கும் நின்றன. டிரைவர்கள் கான்டனீசில் ஆபீசைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

பேக்கப் டேப்பை மாட்டி, பத்திரப் புரோகிராமைத் திரும்பக் கொண்டுவந்து, முதல் லாரியை அனுப்பிவிட்டு நிமிர்ந்தபோது தவுக்கே கூப்பிடுகிறார் என்றார்கள். அவர் ரூமில் மேனேஜர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். எங்கள் மெஷினில் ஒரு புரோகிராமை நீக்குவதற்கு ஒரு மெனு உண்டு. யார் நீக்கினார், எப்போது, எதை என்று அது தானாகவே ஒரு வரி எழுதி வைக்கும். மேனேஜர் அந்த வரியைப் பிரிண்ட் எடுத்துத் தவுக்கேயின் மேசையில் வைத்திருந்தார். நீக்கியவர் ரூட். நேரம் காலை ஏழு இருபத்தைந்து. நீக்கியது பெங்ஹந்தாரான், பெரட்டு.

கேட்டில் நிற்கும் ஜாகாவையும் கூப்பிட்டு விசாரித்திருந்தார்கள். அந்த நேரத்தில் ஆபீசுக்குள் இருந்தது நான் ஒருத்திதான் என்று அவர் உள்ளதைச் சொல்லிவிட்டார்.

“தங்கச்சி, ரூட் நீதானே?” என்று தவுக்கே மலாயில் கேட்டார்.

“ஆமா தவுக்கே.”

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் என் சாமான்களை எடுத்துக்கொண்டு போய்விடச் சொன்னார். கத்தவில்லை, கணக்குத் தீர்க்கிற குரலில்தான் சொன்னார். பெரட்டை நிறுத்தச் சொன்ன ஆத்திரத்தில் நான் செய்திருக்கிறேன், சந்தேகம் வராமல் இருக்க என் புரோகிராமையும் சேர்த்து அழித்திருக்கிறேன் என்று மேனேஜர் அவருக்கு இங்கிலீஷில் விளக்கினார். பிறகு என் பக்கம் திரும்பி, “நான் அப்பவே சொன்னனான்,” என்றார்.

வெளியே வந்தேன். நாங்கள் இருந்த தோட்டத்தை அதற்குள் துண்டு போட்டு விற்றாகிவிட்டது. லயத்தை விட்டுவிட்டு அம்மா என்னோடு ஈப்போவில் வாடகை வீட்டில் இருந்தார். வேலை போனால் திரும்பிப் போக எங்களுக்கு இடமே இல்லை. அதைவிட, எழுதி வைத்த ஒரு வரியைக் காட்டி அம்மாவைத் தோற்கடித்தது போலவே என்னையும் தோற்கடிக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சாமான்களை எடுக்கப் போனபோது ஆணியில் இருந்த தாள் கண்ணில் பட்டது. திங்கட்கிழமை, ஏழு முப்பது, எல்லாரும் ஆஜர். கையில் எடுத்து இரண்டு தடவை படித்தேன். ஏழு இருபத்தைந்துக்கே பெரட்டை அழித்தாகிவிட்டது என்றால், ஏழரைக்கு அது எப்படி எழுந்து வந்து பேர் கூப்பிட்டது? ஒன்று இந்தத் தாள் பொய், இல்லாவிட்டால் மேனேஜர் காட்டின அந்த மணி பொய்.

அப்போதுதான் உறைத்தது. திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரைக்கும் ராகு காலம். அது தொடங்குவதற்கு ஐந்து நிமிசம் முன்னால் அவசர அவசரமாக ஒரு காரியத்தை முடிக்கிற ஆள் இந்த ஆபீசில் ஒருவர்தான். அவருடைய ஏழரை எங்களுக்கு எட்டு. அவருடைய ஏழு இருபத்தைந்து, எங்களுக்கு எட்டாக ஐந்து நிமிசம். நான் கேன்டீனில் தே குடித்துக்கொண்டிருந்த நேரம்.

தாளோடு திரும்பத் தவுக்கேயின் ரூமுக்குப் போனேன். கதவைத் தட்டவில்லை.

“போறதுக்கு முன்னால சார்கிட்ட ஒன்னே ஒன்னு கேக்கணும் தவுக்கே,” என்றேன் மலாயில். பிறகு தமிழில், “சார், ஒங்க டெர்மினல்ல இப்ப என்னா மணி?”

அவர் கெட்டிக்காரர். உடனே விளங்கிவிட்டது. முகம் கறுத்தது.

“அது வேற விசயம்.”

“அதே விசயந்தான் சார். வாங்க, போய்ப் பாப்போம்.”

தவுக்கே எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு எழுந்தார். மேனேஜரின் டெர்மினலில் மணி கேட்கும் கட்டளையை அடித்தேன். சுவர்க் கடிகாரம் பதினொன்றைத் தாண்டியிருந்தது. திரையில் இன்னும் பதினொன்று ஆகவில்லை. நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லத் தவுக்கே தாளையும் மேனேஜர் கொடுத்த பிரிண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ரூட்டாக மாறினாலும், மாறிய ஆளின் மணி அவரோடேயே போகும். மெனு அந்த மணியைத்தான் எழுதும். மேனேஜர் எப்படி ரூட் ஆனார் என்பதையும் அங்கேயே தேடி எடுத்தேன். பாஸ்வேர்ட் கேட்காமல் ஆளை ரூட்டாக்கும் ஒரு கள்ளச் சாவியை என்ஜினியர் அவருடைய சொந்த ஃபைல்களுக்கு நடுவில் போட்டுவிட்டுப் போயிருந்தான். பெரட்டு, பேர் உள்ளவர்களைத்தான் கூப்பிடும். பேரில்லாத ஒருவன் வரிசையின் கடைசியில் வந்து நின்றால் அன்றைக்கு அதற்குத் தெரியாது. அடுத்த வாரமே தெரியும்படி எழுதினேன்.

அவர் அழிக்க நினைத்தது பெரட்டை மட்டும்தான். ராகு காலம் வருகிற அவசரத்தில் முழுப் பெயரையும் அடிக்காமல் முதல் இரண்டு எழுத்தை அடித்து ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டிருக்கிறார். அந்த எழுத்தில் தொடங்குகிற எல்லாவற்றையும் என்று மெஷினுக்கு அர்த்தம். ஆங்கில எழுத்தில் பெரட்டுக்கும் பெங்ஹந்தாரானுக்கும் முதல் இரண்டு எழுத்து ஒன்றுதான். செய்த பிறகு, பதிவில் விழுந்த மணியைப் பார்த்திருக்கிறார். அது என் தலையில் பொருந்தியது, எடுத்து வைத்துவிட்டார்.

தவுக்கே சிரிக்கவில்லை. அவரும் சீனப் பஞ்சாங்கம் புரட்டிப் பார்க்காமல் ஒரு மெஷினையும் இடம் மாற்றுகிறவர் அல்ல.

“நல்ல நேரம் பாரு, நானும் பாக்கிறவன்தான். என் மெஷினை வெச்சுப் பாக்காதே,” என்று மேனேஜரிடம் மலாயில் சொல்லிவிட்டு ரூமுக்குப் போய்விட்டார்.

அவ்வளவுதான். எனக்கென்றால் மத்தியானத்துக்குள் வெளியே போ, அவருக்கென்றால் ஒரே ஒரு வசனம். கணக்குப் பகுதி முழுவதும் அவர் கைக்குள் இருந்தது. தவுக்கேக்கு அவர் வேண்டும். இந்த அநியாயத்துக்கு நான் இன்றைக்கும் தவுக்கேயை மன்னிக்கவில்லை. என்னிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

மறுநாள் தவுக்கே ஒரு வழி சொன்னார். அவருடைய இரும்புப் பெட்டிக்கு இரண்டு சாவி. ஒன்று அவரிடம், ஒன்று அவர் தம்பியிடம். ரூட்டுக்கும் அப்படியே இருக்கட்டும் என்றார். அந்த மெஷினில் பாஸ்வேர்ட் எட்டு எழுத்து. நான்கு மேனேஜருடையது, நான்கு என்னுடையது. ஒருவர் பாதி மற்றவருக்குத் தெரியக்கூடாது. தன் பாதிதான் முதலில் வர வேண்டும் என்று மேனேஜர் அதிலும் பிடிவாதம் பிடித்தார்.

அதற்குப் பிறகு ரூட் வேண்டும் என்றால் ஒரே கீபோர்டுக்கு முன்னால் இரண்டு நாற்காலி. அவர் என்னைப் பார்க்கமாட்டார். நான் சுவரைப் பார்ப்பேன். அவர் தன் நான்கை அடிப்பார், கையை எடுப்பார். நான் என் நான்கை அடிப்பேன். அவர் சந்தனமும் நான் தலைக்கு வைத்த எண்ணெயும் மணக்க, இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். வேண்டுமென்றே ராகு காலமாகப் பார்த்து அவரைக் கூப்பிடுவேன், அதுவும் பழைய மணிக்கு. அவர் வேண்டுமென்றே நான் வீட்டுக்குக் கிளம்பும்போது கூப்பிடுவார். ஆனால் அடிக்கும்போது மட்டும் அவர் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வரும். அதைக் கண்ணாடித் திரையில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

தொண்ணூறு பிறப்பதற்குள் அவருக்குக் கோலாலம்பூரில் வேறு வேலை கிடைத்தது. கடைசி நாள் கேக் வெட்டினார்கள். நான் கேக் வாங்கவில்லை. அவர் பையை எடுத்தபோது கிட்டப் போனேன்.

“சார், ஒங்க பாதி?”

“நீர்தானே எல்லாம் கண்டுபிடிக்கிற ஆள். கண்டுபிடியும்,” என்றார். அதே சிரிப்பு. போய்விட்டார்.

மறுநாள் காலையில் தனியாக அந்தக் கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்தேன். அவர் சாமியின் பெயரைப் போட்டேன். மகள் பெயரைப் போட்டேன். கார் நம்பரைப் போட்டேன். ஒன்றும் திறக்கவில்லை. பிறகு அந்தச் சிரிப்பை நினைத்தேன். எனக்குத் தெரிந்த சிரிப்புதான் அது. என் பாதியை அடிக்கும்போது நானும் அப்படித்தான் சிரித்தேன். அவரைத் திட்டுகிற சொல்லை, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்குத் தெரியாமல் அடிக்கிற சிரிப்பு.

‘தோட்டம்’ என்று ஆங்கிலத்தில் எழுதினால் வருகிற முதல் நான்கு எழுத்தை அடித்தேன். அதன் பின்னால் என்னுடைய நான்கு, ‘கிராணி’யின் முதல் நான்கு. திறந்துகொண்டது.

இரண்டையும் சேர்த்து வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். தோட்டக் கிராணி. அவர் என்னைத் திட்ட, நான் அவரைத் திட்ட, இத்தனை வருசமாக இரண்டு பேரும் தோள் உரச உட்கார்ந்து அடித்தது இந்தப் பெயரைத்தான். பெரட்டில் நின்ற என் அம்மாவுக்குப் பேர் போடாத அதே ஆளை, கதவைத் திறந்துவிடு என்று ஒவ்வொரு தடவையும் நானே கூப்பிட்டிருக்கிறேன்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது. எட்டு எழுத்தையும் அங்கேயே மாற்றினேன். மறுநாள் பெரட்டில் பாஸ்வேர்ட் ஃபைல் மாட்டியது; யார் மாற்றியது என்று எனக்குத் தெரியும், புது எண்ணை ஃபிளாப்பியில் எழுதிக்கொண்டு தே குடிக்கப் போனேன்.